சின்ன யானையில் படகு இழுக்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

அம்பத்தூரில் டிரெய்லர் பட்டறை வைத்திருக்கிறேன். சின்னப் படகுகளுக்கு டிரெய்லர் செய்வதும் பழுது பார்ப்பதும்தான் தொழில். சின்ன யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் மாதிரி பிக்கப்பில் படகு இழுப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகையும் டிரெய்லரையும் எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிவிட்டுக் கேளுங்கள். வாங்காமல்தான் கேட்பீர்கள் என்றும் தெரியும்.

நீலாங்கரையிலிருந்து ஒருவர்: சார், பழைய டாடா ஏஸ் ஒன்று சும்மா நிற்கிறது. 14 அடி ஃபைபர் படகு வாங்கப் போகிறேன். முட்டுக்காடு வரைக்கும் இழுக்குமா?

இழுக்கும். நிற்குமா என்று கேளுங்கள்.

விற்கிறவர் படகின் ஓடு 250 கிலோ என்று சொல்லியிருப்பார். அதோடு நிற்பதில்லை. பின்னால் மாட்டும் அவுட்போர்டு என்ஜின், 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் என்றால் 70 கிலோவைத் தாண்டும். 25 லிட்டர் பெட்ரோல் 18 கிலோவுக்கு மேல். நங்கூரம், கயிறு, பேட்டரி, ஐஸ் பெட்டி என்று ஒரு 40 கிலோ. இரும்பில் அடித்த டிரெய்லர் தன் பங்குக்கு 150, 200. கூட்டிப் பாருங்கள், 500-ஐத் தாண்டி எங்கேயோ போய்விடும். 2005-ல் வந்த அந்த முதல் ஏஸ் 702 சிசி, 16 குதிரைத்திறன். காலி வண்டி ஏறக்குறைய 800 கிலோ. அதன் முதுகில் முக்கால் டன் ஏற்றலாம் என்பது வேறு கணக்கு. முதுகில் இருக்கும் சுமை நாலு சக்கரத்தையும் தரையோடு அழுத்தும், பிரேக்குக்கு உதவும். பின்னால் கொக்கியில் வரும் சுமை பிரேக் போட்டதும் வண்டியை முன்னால் தள்ளும்.

பிரேக் இல்லாத டிரெய்லருக்கு பிரிட்டனில் ஒரு விதி உண்டு: இழுக்கும் வண்டியின் காலி எடையில் பாதி, அதிலும் 750 கிலோவுக்கு மேல் கூடாது. நான் அதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கில் உங்கள் ஏஸுக்கு எல்லாம் சேர்த்து 400 கிலோ. 10 குதிரைத்திறன் என்ஜின், 11, 12 அடியில் லேசான படகு, கனமில்லாத டிரெய்லர் என்று இறங்கி வந்தால் பேசலாம். கையேட்டில் இழுவை எடை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போடவில்லை என்றால் எவ்வளவும் இழுக்கலாம் என்று பொருள் இல்லை.

அடையாறு: என்னிடம் இருப்பது இசுஸு வி-கிராஸ், பெரிய பிக்கப். எனக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லைதானே?

வண்டி தாங்கும். டிரெய்லரின் ஆக்சிலும் டயரும் தாங்குமா என்பதற்கு எடை மேடைச் சீட்டு வேண்டும். 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கும் பிரேக் வையுங்கள்.

கேளம்பாக்கம்: அண்ணா, ஈசிஆரில் 60-ஐத் தாண்டியதும் டிரெய்லர் வால் ஆட்டுகிறது. டயர் அலைன்மென்ட் பார்த்தாச்சு, லீஃப் பட்டை மாற்றியாச்சு. இன்னும் ஆடுகிறது.

நல்ல கேள்வி. காசைக் கொட்டிய பிறகாவது கேட்டீர்களே.

படகு டிரெய்லரில் பின்பாரம் தன்னாலேயே வரும். என்ஜின் கடைசியில் தொங்குகிறது, பெட்ரோல் டேங்கும் பெரும்பாலும் அங்கேதான். கொக்கியில் மாட்டும் மூக்கு லேசாகிவிட்டால் டிரெய்லருக்குப் பிடிமானம் போய்விடும். பக்கத்தில் ஒரு பஸ் வேகமாகக் கடந்தால் போதும், ஆட்டம் தொடங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருக்க வேண்டும். 500 கிலோ என்றால் 50 கிலோ. அளப்பது சுலபம். சமதளத்தில் டிரெய்லரைக் கழற்றி, கொக்கி உயரத்துக்கு ஒரு கட்டையைக் குளியலறை எடை மிஷின் மேல் நிறுத்தி, மூக்கை அதன் மேல் இறக்குங்கள். கட்டையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் படகை முன்னால் தள்ளி, படகை இழுத்துப் பிடிக்கும் விஞ்ச் கம்பத்தையும் நகர்த்துங்கள். டேங்கையும் ஐஸ் பெட்டியையும் முன்னால் வையுங்கள். அதற்காக 100 கிலோவை மூக்கில் போட்டுவிடாதீர்கள். பிக்கப்பின் பின்புறம் அமுங்கி முன்சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் காற்றில் திருப்புவது போலாகிவிடும்.

ஓட்டும்போது ஆட ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை அழுத்தாதீர்கள். வேகமாகப் போய்த் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள்.

இன்னொன்று. மழையில் மூடாமல் நிறுத்திய படகில் தேங்கும் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தால் ஒரு ஆளுக்கு மேல் எடை ஏறிவிடும், அதுவும் ஆடும் எடை. வீட்டில் நிற்கும்போது, படகின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையை அடைக்கும் தக்கையைக் கழற்றி வையுங்கள். தண்ணீரில் இறக்கும் முன் மறக்காமல் மாட்டுங்கள்.

போரூர்: டிரெய்லருக்கு நம்பர் வாங்கணுமா?

வாங்கணும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் வாகனம்தான், பதிவு வேண்டும். பட்டறையில் அடித்து அப்படியே ரோட்டில் இறக்குவது உங்கள் பொறுப்பு. காகித வேலைக்கு உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், என்னைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

வண்டலூர்: டிரெய்லரே வேண்டாம் சார், 14 அடி படகை ஏஸ் தொட்டியிலேயே ஏற்றிவிட்டால்?

தொட்டி 7 அடி. உங்கள் படகு 14 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி வெளியே நிற்கும். அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், இறக்கிவைக்கும் செலவு தனி. பின்னால் பைக்கில் வருகிறவன் கழுத்து உயரத்தில் அந்த முனை இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

வேளச்சேரி: எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் வெள்ளத்துக்காக ஒரு படகு வாங்கி வைக்கலாம் என்று பேச்சு. மழை அறிவிப்பு வந்ததும் காரையெல்லாம் மேம்பாலத்தில் நிறுத்தியாகிறது, ஆளுக்கு என்ன வழி? சின்ன யானை வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாமா?

தெருவெள்ளத்துக்கு 10 அடிக்குள் துடுப்புப் படகே போதும். தொட்டிக்கு வெளியே நீட்டாத நீளம் என்றால் அதில் கவிழ்த்து வைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் தண்ணீர் ஏறிய பிறகு சின்ன யானை எங்கும் போகாது. மழைக்கு முன்பே படகு உங்கள் வாசலில் இருக்க வேண்டும். கட்டுவதற்கு, பிடியை நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு வாங்கி வையுங்கள், நைலான் கயிறு வேண்டாம்.

காசிமேடு: அண்ணே, இது என்னண்ணே பேச்சு? 2015 வெள்ளத்துல படகையெல்லாம் லாரியில போட்டுக் கயித்துலதான் கட்டி எடுத்துட்டுப் போனோம். ஒண்ணுகூட விழல. பெல்ட்டு எங்க இருந்துச்சு அப்ப?

தம்பி, அந்த டிசம்பரில் நீங்கள் செய்த வேலையைக் குறை சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் கிடையாது. ஆனால் அன்று லாரி தண்ணீரில் ஊர்ந்து போனது. நான் பேசுவது 60-ல் போகும் டிரெய்லர். நைலான் நனைந்தால் இழுபடும். கிளம்பும்போது விண்ணென்று இருந்த கயிறு உத்தண்டி டோல் வரும்போது தொளதொளவென்று இருக்கும். ஃபைபர் விளிம்பில் உரசினால் நூல் நூலாக அறுந்தும் போகும்.

மாதவரம் லாரிக்காரர்: நான் காசிமேட்டுத் தம்பி பக்கம். முடிச்சு போடத் தெரியாதவனுக்குத்தான் பெல்ட். கண்ணி போட்டு இழுத்துக் கட்டினால் ராட்செட் கொடுக்கிற இறுக்கம் வரும். டீக்கு நிறுத்துகிற இடத்தில் ஒரு தடவை தட்டிப் பார்த்து இறுக்குவோம்.

கண்ணி முடிச்சின் பலம் எனக்கும் தெரியும், கையால் இழுப்பதை அது பெருக்கிக் கொடுக்கும். டீக்கடையில் தட்டிப் பார்க்கிறீர்களே, உங்கள் சரக்கைக் காப்பாற்றுவதில் பாதி அதுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறவர் அதைச் செய்வதில்லை. அவருக்குப் பெல்ட்.

காசிமேடு, மறுபடியும்: பெல்ட்டோட ராட்செட்டு உப்புக் காத்துல துருப்பிடிச்சு இறுகிடுதே அண்ணே? அப்புறம் அறுத்துதான் எடுக்கணும்.

இது சரியான அடி. இறுகும். பல்லில் துரு ஏறிவிட்டால் அதைப் பிடிக்கும் நாக்கு மேலே எழாது, நெம்பினால் கைவிரல் போகும். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, சுழலும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். எத்தனை பேர் செய்வார்கள் என்று கேட்காதீர்கள்.

ஓஎம்ஆர்: பெல்ட் காற்றில் ஹம் என்று கத்துகிறது, அதனால் கயிறே மேல் என்பேன்.

பெல்ட்டைக் கட்டும்போது ஒரு முறுக்கு விடுங்கள், சத்தம் நிற்கும். கயிற்றுப் பேச்சு போதும். படகின் மூக்கை விஞ்ச் பட்டை பிடித்திருக்கிறது என்ற தைரியத்தில் பின்பக்கத்தைக் கட்டாமல் வருகிறவர்கள்தான் எனக்குக் கவலை. வேகத்தடையில் பின்பாகம் எகிறிக் குதிக்கும். பின்னால் இரண்டு பக்கமும் கட்டுங்கள், கயிறோ பெல்ட்டோ.

பெரம்பூர்: பழவேற்காட்டில் இறக்கிவிட்டு வந்த பிறகு சக்கரத்தில் கரகரவென்று சத்தம். பேரிங் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப், நெடுந்தூரம் ஓடினால் சூடாக இருக்கும். வந்த வேகத்தில் தண்ணீரில் விட்டால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். மூடியைக் கழற்றிப் பாருங்கள். கிரீஸ் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது. விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுவழுப்புக்குப் பதில் நறநறவென்று இருக்கும். உருளைகளில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கழுவிப் போடலாம் என்று நினைக்காதீர்கள், பேரிங்கும் சீலும் சேர்த்து மாற்றுங்கள். இனிமேல் கரைக்குப் போனதும் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். முடிந்தால் ஹப் நனையாத ஆழத்தோடு நிறுத்திப் படகைத் தள்ளி இறக்குங்கள். போகிற வழியில் நிறுத்தும்போதெல்லாம் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

டிரெய்லர் விளக்கு வயரையும் தண்ணீருக்கு முன் கழற்றுங்கள். சூடான பல்பு நனைந்தால் வெடிக்கும்.

தாம்பரம்: 16 அடி படகு, மஹிந்திரா பொலிரோ பிக்கப். இழுக்குமா?

எடை மேடை.

ஆவடி: 15 அடி படகு, அசோக் லேலண்ட் தோஸ்த். இழுக்குமா?

எடை மேடை. மேலே நீலாங்கரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குரோம்பேட்டை: தடைக்காலத்தில் சின்னப் படகில் மீன் பிடிக்கலாமா?

மீன்வளத் துறையில் கேளுங்கள். நான் சக்கரத்துக்கு மேலே போவதில்லை.

திருவான்மியூர்: இறக்குகிற சரிவில் வண்டி மேலே ஏற மாட்டேன் என்கிறது. பின்சக்கரம் சும்மா சுற்றுகிறது.

காலித் தொட்டியோடு, பின்சக்கரம் தள்ளும் வண்டி, பாசி பிடித்த சிமெண்ட், வேறென்ன ஆகும்? தொட்டியில் பின்சக்கரத்துக்கு மேலே மணல் மூட்டை நாலு போடுங்கள். கிளட்ச்சைப் பாதியில் பிடித்து உறுமவிடாதீர்கள், தட்டு தீய்ந்துவிடும். ஓட்டுநர் வண்டிக்குள் இருக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஒருவர் வெளியே நிற்கட்டும், பின்னால் அல்ல, பக்கவாட்டில்.

மணலி: ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் எதிர்ப்பக்கம் மடிகிறது.

ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். குட்டை டிரெய்லர் வேகமாக மடியும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. மடிந்தால் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி.

பூந்தமல்லி: 13 அடி படகு. ஏஸ் இழுக்குமா?

உங்கள் ஊர் பைபாஸில் எடை மேடை இல்லாமலா இருக்கும்?

காசிமேடு, மூன்றாம் தடவை: கயிறு விஷயம் இன்னும் முடியல அண்ணே.

செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு வாங்க, உங்கள் கயிற்றையும் எடுத்துக்கொண்டு. டெலிவரிக்கு ஒரு படகு டிரெய்லரில் நிற்கிறது. இடது பக்கம் நீங்கள் கட்டுங்கள், வலது பக்கம் நான் பெல்ட் போடுகிறேன். செங்குன்றம் வரை போய் வந்து பார்க்கலாம். டீ என் செலவு.