தன் கையைத் தானே கட்டும் வாக்குறுதி

அன்புள்ள ஐயா,

2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க இலங்கையின் ஜனாதிபதியானார். மூன்று மாதம்கூட ஆவதற்குள் என் நண்பர்கள் "சொன்னதெல்லாம் எங்கே?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பல பத்தாண்டுகளாகப் பிறர் போட்ட முடிச்சுகளை ஒருவர் சில வாரங்களில் அவிழ்க்க முடியுமா? பொறுத்திருப்பதுதானே நியாயம்? எங்கள் மாவட்டத்தின் புதிய பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுத விரும்புகிறேன். இப்போதே எழுதினால் அவசரக்காரி என்று நினைப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

அன்புடன்,
ந.

அன்புள்ள ந.,

உங்கள் பொறுமை நல்ல குணம்தான். ஆனால் எல்லா வாக்குறுதிக்கும் அதை ஒரே அளவில் செலவிடாதீர்கள். வரி, மின்கட்டணம், கடன் ஆகியவை சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாட்டில் சிக்கியிருக்கின்றன. அவற்றுக்கு ஓரிரு ஆண்டு கொடுக்கலாம். ஒரு தலைவர் தன் அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்வதாகச் சொன்ன வாக்குக்கு மட்டும் அவகாசம் கொடுக்கவே கூடாது. நாற்காலியில் உட்கார உட்கார அந்த மனம் தேய்ந்துகொண்டே போகும்.

ஆட்சி அதிகாரத்தின் பெரும்பகுதியை ஜனாதிபதி ஒருவர் கையில் குவிக்கும் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒழிப்பதாகத் திசாநாயக்கவும் வாக்களித்தார்; அவருக்கு முன்பே அப்படி வாக்களித்தவர்கள் உண்டு. 1994இல் சந்திரிகா குமாரதுங்க, 1995 ஜூலை 15க்குள் அதை ஒழிப்பதாகத் திகதி குறித்தே வாக்களித்தார். 62 சதவீத வாக்குகளோடு வென்றார். பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை அவருக்கு இல்லை, யுத்தமும் நடந்துகொண்டிருந்தது. இவை மெய்யான தடைகள், மறுக்கவில்லை. ஆனால் 2000 ஆகஸ்டில் புதிய அரசியலமைப்புச் சட்டமூலம் சபைக்கு வந்தபோது, நடப்புப் பதவிக்காலம் முடியும்வரை அவரிடமே அதிகாரம் தொடர்வதற்கான இடைக்கால ஏற்பாடும் அதில் இருந்தது. எதிர்க்கட்சியினர் சபைக்குள்ளேயே பிரதிகளைக் கொளுத்தினார்கள். அத்துடன் அது முடிந்தது. 2010இல் மகிந்த ராஜபக்ச காலத்து 18ஆவது திருத்தம், இரண்டு தடவைக்கு மேல் பதவி வகிக்க முடியாதென்ற வரம்பையும் தூக்கி எறிந்தது.

இனி மைத்திரிபால சிறிசேனவைப் பாருங்கள். 2015 ஜனவரி 9இல் பதவியேற்றார். ஏப்ரல் 28இல் 19ஆவது திருத்தம் நிறைவேறியது. முழு ஒழிப்பு இல்லை, பாதிக் கிணறுதான். ஆனாலும் ஜனாதிபதியின் பதவிக்காலம் ஆறிலிருந்து ஐந்து ஆண்டானது. நாலரை ஆண்டுக்கு முன் பாராளுமன்றத்தைத் தன்னிச்சையாகக் கலைக்க முடியாது என்றானது. 2018 ஜனவரியில் அதே சிறிசேன, தான் ஆறு ஆண்டு இருக்கலாமா என்று உயர் நீதிமன்றத்தைக் கேட்டார். ஐந்துதான் என்றது நீதிமன்றம். அந்த ஆண்டு நவம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அது செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். தொடக்க மாதங்களில் அவசரப்படுத்தி வாங்கிய திருத்தம் அல்லவா அன்று நாட்டைக் காத்தது! 2015இல் எல்லோரும் "பொறுப்போம்" என்று இருந்திருந்தால், 2018இல் அவரைத் தடுக்க எந்தச் சட்டம் இருந்திருக்கும்?

2024 நவம்பர் தேர்தலில் திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159ஐ வென்றது. மூன்றில் இரண்டுக்கு 150 போதும். சந்திரிகா சொல்லக்கூடிய காரணம் இவர்களுக்குக் கிடையாது. முழுமையாக ஒழிக்க மக்கள் வாக்கெடுப்பும் வேண்டியிருக்கும் என்பதே பரவலான சட்டக் கருத்து. அப்படியென்றால் வேலையை இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். இவர்கள் நீக்குவதாக வாக்களித்த இன்னொன்று, தற்காலிகம் என்று 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம். அதை நீக்கவோ சாதாரணப் பெரும்பான்மையே போதும். அந்தச் சட்டத்தால் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் மகனைச் சிறையில் பார்த்துவந்த தாயிடம் போய் இன்னும் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே தயங்காமல் எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். விலைவாசியையும் ஊழலையும் அதில் கலக்காதீர்கள். கலந்தால் அவற்றுக்கு மட்டும் பதில் வரும். ஜனாதிபதி முறையை ஒழிக்கும் சட்டமூலம் எந்த மாதம் வர்த்தமானியில் வரும் என்று கேளுங்கள். அது இப்போதைய ஜனாதிபதியின் பதவிக்காலத்துக்கே பொருந்துமா, அடுத்தவருக்கு மட்டுமா என்றும் கேளுங்கள்.