கையுறைக்காரர் மகனும் பிரபுவும்

கேள்வி: ஷேக்ஸ்பியர் பல்கலைக்கழகப் படியே ஏறாதவர். ஏதோ ஒரு கிராமத்துக் கையுறை வியாபாரியின் மகன். அவருக்கு எப்படி அரண்மனையும் இத்தாலியும் தெரிந்திருக்க முடியும்? எட்வர்ட் டி வேர் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பிரபுதான் அந்த நாடகங்களை எழுதினார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (வாசகர் ஒருவர், கரூர்)

பதில்: முதலில் வெளிநாட்டு விவகாரத்தை முடித்துவிடுவோம். 'குளிர்காலக் கதை' நாடகத்தில் பொஹீமியாவின் கடற்கரையில் ஒரு கப்பல் உடைகிறது. இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவுக்குக் கடலே கிடையாது. சக நாடகாசிரியர் பென் ஜான்சனே இதைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறார். ரோம் மட்டும் என்ன வாழ்ந்தது? 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தில் கடிகாரம் மணி மூன்று அடிக்கிறது. மணியடிக்கும் இயந்திரக் கடிகாரம் வந்ததோ சீஸர் செத்து ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து. அதே சீஸர், எலிசபெத் காலத்து ஆண்கள் போட்ட 'டப்ளெட்' சட்டையைத் திறந்து கழுத்தைக் காட்டுகிறார். ரோமானியப் பொதுஜனம் வியர்வை ஊறிய குல்லாய்களை வானத்தில் வீசுகிறது. அது ரோமே அல்ல, 1599-ஆம் வருஷத்து லண்டன் தெரு. டி வேர் இத்தாலியில் ஊர் ஊராகச் சுற்றியவர். பயண அனுபவம்தான் சாட்சி என்றால், அது உங்கள் பிரபுவுக்கு எதிரான சாட்சி.

ஸ்ட்ராட்ஃபோர்டு கிராமமும் அல்ல, சந்தை கூடும் ஊர். கையுறைக்காரர் ஜான் ஷேக்ஸ்பியர் 1568-இல் அந்த ஊருக்கே தலைவராக இருந்தவர். ஊரில் இலத்தீன் சொல்லித்தரும் இலக்கணப் பள்ளி இருந்தது. அந்த மாதிரிப் பள்ளியில் நடக்கும் கூத்தைப் பார்க்க வேண்டுமானால் 'வின்ட்சரின் குறும்புக்காரப் பெண்கள்' நாடகத்தைப் படியுங்கள். ஒரு சிறுவனை நிற்கவைத்து இலத்தீன் வேற்றுமை உருபு கேட்டுப் படுத்துகிறார்கள். சிறுவன் பெயர் வில்லியம்.

அப்புறம் தோல். இதைத்தான் பிரபுக்காரர்கள் பேசவே மாட்டார்கள். அதே நாடகத்தில் ஒருவனுடைய தாடியைப் பற்றி விசாரிக்கும் பெண், கையுறைக்காரன் தோல் சீவும் கத்தி மாதிரி வட்டமாக இருக்குமே, அந்தத் தாடியா என்று கேட்கிறாள். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்து விதூஷகன், கெட்டிக்காரன் கையில் ஒரு வாக்கியம் ஆட்டுத்தோல் கையுறை போல, சட்டென்று உள்பக்கம் வெளியே வந்துவிடும் என்கிறான். ஹாம்லெட் கல்லறைத் தோட்டத்தில் வெட்டியானிடம், பிணம் அழுக எத்தனை நாளாகும் என்று கேட்கிறான். எட்டு ஒன்பது வருஷம், தோல் பதனிடுகிறவன் என்றால் ஒன்பது வருஷம் தாங்குவான், தொழிலில் அவன் தோலே பதமாகித் தண்ணீர் உள்ளே இறங்காது என்று பதில் வருகிறது. டென்மார்க் இளவரசனின் துக்கத்துக்கு நடுவே இது எதற்கு? பிரபுக்கள் கையுறையைப் போட்டுக்கொள்வார்கள். அதைத் தைக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்குத்தான் கத்தியின் வளைவு ஞாபகம் வரும்.

மேடையும் அவரை வளைத்தது. அன்று பெண்கள் நடிக்க முடியாது, பையன்களே ஸ்திரீபார்ட். சரி, அந்தக் குறையையே கதையாக்கினால்? ரோஸலிண்ட், வயோலா, போர்ஷியா மூவரும் ஆண் வேஷம் போடும் பெண்கள். அதாவது பெண் வேஷத்தில் இருக்கும் பையன் மறுபடி பையனாகிறான். கிளியோபாட்ரா இன்னும் ஒரு படி மேலே போகிறாள்: ரோமில் ஏதோ ஒரு பையன் கீச்சுக்குரலில் என்னைப் போல நடித்துக் காட்டுவானே என்று பயப்படுகிறாள். அதைச் சொல்வதும் ஒரு பையன். அந்தத் துணிச்சல் கூடவே நடித்துப் பழகிய ஆளுக்கு வரும். நாடகம் நடந்ததும் பிற்பகல் வெயிலில், கூரையில்லாத முற்றத்தில். விளக்கை அணைத்து இரவு காட்ட வழியில்லை. அதனால்தான் 'ஹாம்லெட்' தொடங்கும்போதே காவலாள் 'யாரங்கே?' என்று கேட்கிறான். மணி பன்னிரண்டு, குளிர் தாங்கவில்லை என்கிறார்கள். இருட்டை வாயால் உண்டாக்க வேண்டிய கட்டாயம்.

கொள்ளைநோயைப் பற்றி ஒன்று மட்டும். அவர் பிறந்த 1564-இலேயே ஸ்ட்ராட்ஃபோர்டில் அது வந்தது. ரோமியோவும் ஜூலியட்டும் சாகக் காரணம் குடும்பப் பகை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ரோமியோவுக்கு எழுதிய கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை? நோய் இருந்த வீடு என்று சந்தேகப்பட்டு, கடிதம் கொண்டுபோன துறவியை உள்ளே வைத்துக் கதவை முத்திரை போட்டுவிட்டார்கள். லண்டன்காரர்கள் தங்கள் தெருவிலேயே பார்த்த காட்சி.

கடைசியாகத் தானியம். இது அவருக்குப் பெருமை சேர்க்கும் விஷயம் இல்லை. 1594 முதல் இங்கிலாந்தில் வரிசையாக விளைச்சல் பொய்த்தது. 'நடுவேனிற்கால இரவுக் கனவு' நாடகத்தில் தேவதைகளின் ராணி டைட்டானியா, பச்சைக் கதிர் மீசை முளைக்கும் முன்னே அழுகிப்போயிற்று என்று புலம்புவது அந்த மழை வருஷங்களை நினைத்துத்தான் என்று பலரும் கருதுகிறார்கள். பஞ்சம் முற்றியபோது தானியம் பதுக்கியவர்களைக் கணக்கெடுத்தார்கள். 1598 பிப்ரவரியில் ஸ்ட்ராட்ஃபோர்டில் எடுத்த பட்டியலில் வில்லியம் ஷேக்ஸ்பியர் பெயருக்கு நேரே பத்து குவார்ட்டர், அதாவது 80 புஷல் என்று இருக்கிறது. எடையில் ஒரு டன்னைத் தாண்டும். பத்து வருஷம் கழித்து, ஏறக்குறைய 1608-இல், 'கொரியலேனஸ்' எழுதுகிறார். நாடகம் தொடங்கியதும் பசித்த ஜனங்கள் தடியோடு நிற்கிறார்கள்: எங்களைப் பட்டினி போடுகிறார்கள், அவர்கள் கிடங்கிலோ தானியம் பிதுங்குகிறது! அவர் கதை எடுத்தது புளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளரின் நூலிலிருந்து. அதில் முதல் கலகம் கந்துவட்டியால் வருகிறது, தானியச் சண்டை அப்புறம்தான். இவர் தானியத்தை முன்னால் கொண்டுவந்தார். காரணம் தேட வேண்டியதில்லை. 1607-இல் அவருடைய சொந்த வார்விக்ஷயரிலும் பக்கத்து மாவட்டங்களிலும், வேலி போட்டு நிலத்தை வளைத்தவர்களுக்கு எதிராகக் குடியானவர்கள் கிளம்பியிருந்தார்கள். பதுக்கியவர் பட்டியலில் இருந்த ஆளே பசித்தவனுக்கு அந்த நாடகத்தின் முதல் பேச்சைக் கொடுத்தார். இதை மனசாட்சி என்பதா, வியாபாரம் என்பதா, நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு இரண்டும் கலந்ததாகத்தான் படுகிறது.

டி வேர் இறந்தது 1604-இல். முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுப் போனார் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வார்கள். நாடாளுமன்றத்தைத் தகர்க்க 1605-இல் போட்ட வெடிமருந்துச் சதியை ஒட்டி, பிடிபட்டவர்கள் இரட்டை அர்த்தத்தில் சத்தியம் செய்தார்கள் என்று 1606-இல் நீதிமன்றத்தில் நாறிய விவகாரத்தை 'மக்பெத்' நாடகத்து வாயிற்காவலன் நையாண்டி செய்கிறானே, அதையுமா?