காம்ப் பணம் வருது, அப்போ வேலையும் பத்திரமா?

கேள்வி: நியூஜெர்சி எடிசன்ல இருக்கேன், வேர்ஹவுஸ்ல ரெண்டு வருஷமா ஃபுல் டைம் வேலை. பெட்டி தூக்கும்போது முதுகுல டிஸ்க் விலகிடுச்சு, டாக்டர் 16 வாரம் ரெஸ்ட்ங்கறாரு. வொர்க்கர்ஸ் காம்ப் (வேலையில அடிபட்டவங்களுக்கு வர்ற இன்சூரன்ஸ்) பணம் வருது. இப்போ எச்ஆர்ல இருந்து எஃப்எம்எல்ஏ (உடம்பு, குடும்ப காரணத்துக்கான ஃபெடரல் லீவ் சட்டம்) லீவ் ஓட ஆரம்பிச்சாச்சு, பிடிஓவும் (சம்பளத்தோட சேத்து வெச்ச லீவு நாள்) கழிக்கறோம்னு லெட்டர் வந்திருக்கு. அடிபட்டது அவங்க வேலையிலதானே, என் லீவ எதுக்கு கழிக்கணும்?

பதில்: கோவம் நியாயம்தாங்க, ஆனா காம்ப், எஃப்எம்எல்ஏ ரெண்டையும் சேத்து ஓட்ட சட்டத்துல இடம் இருக்கு. 1993ல வந்த எஃப்எம்எல்ஏ வருஷத்துக்கு 12 வாரம் உங்க வேலைய காப்பாத்தும், சம்பளம் தராது. காம்ப் பணம் தரும், ஆனா உங்க இடத்த பிடிச்சு வெச்சிருக்காது, நம்மாளுங்க நிறைய பேர் செக் வருதுல்ல, வேலையும் இருக்கும்னு நெனச்சு இங்கதான் மாட்டிக்கறாங்க. உங்க கணக்குல கடைசி 4 வாரத்துக்கு எஃப்எம்எல்ஏ கிடையாது. நியூஜெர்சி ஃபேமிலி லீவ் சட்டம் இருக்கேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது உங்க சொந்த உடம்புக்கு வராது.

பிடிஓ விஷயத்துல மட்டும் விடாதீங்க. காம்ப் பணம் வர்ற நாளுக்கு பிடிஓ எடுத்தே ஆகணும்னு கம்பெனி கட்டாயப்படுத்த முடியாது, ஏன்னா அத சம்பளமில்லாத லீவா எஃப்எம்எல்ஏ விதி பாக்கறதில்ல. கழிச்ச நாள திருப்பி போடுங்கன்னு ஈமெயில்லயே கேளுங்க, ஃபோன்ல பேசி விட்டுடாதீங்க.

இப்போ பணம். நியூஜெர்சில வார சம்பளத்துல 70 சதவீதம், ஒரு உச்சவரம்புக்குள்ள. 900 டாலர் வாங்கினா 630 வரும், அதுக்கு வருமான வரி இல்ல, அதனால பயந்த அளவுக்கு கையில குறையாது. ஆனா இந்த செக் இன்சூரன்ஸ்காரங்க கிட்ட இருந்து வர்றதால மெடிக்கல் பிரீமியம் தானா பிடிக்க மாட்டாங்க, எஃப்எம்எல்ஏ ஓடற வரைக்கும் கம்பெனி பழையபடி அவங்க பங்க கட்டணும், உங்க பங்க நீங்க தனியா அனுப்பணும், 30 நாளுக்கு மேல பாக்கி விழுந்தா நோட்டீஸ் குடுத்துட்டு கவரேஜ நிறுத்தலாம், குழந்தைங்க அதுல இருந்தா யோசிச்சு பாருங்க. 12 வாரத்துக்கு அப்புறம் கோப்ராவுக்கு (கம்பெனி இன்சூரன்ஸ நம்ம செலவுலயே தொடர்ற ஏற்பாடு) தள்ளினா முழு பிரீமியத்துல 102 சதவீதம் வரைக்கும் உங்க தலையில வரும், அதுக்கு இப்பவே கொஞ்சம் ஒதுக்கி வைங்க. ஃபோர் நாட் ஒன் கே (கம்பெனி வழி ஓய்வுக்கால சேமிப்பு) லோன் இருந்தா, சம்பளத்துல பிடிக்கற அந்த தவணையும் நின்னிருக்கும், கேட்டுக்கோங்க.

நடுவுல லைட் டியூட்டிக்கு, அதாவது பளு இல்லாத வேலைக்கு கூப்பிடுவாங்க. எஃப்எம்எல்ஏ இருக்கற வரைக்கும் மாட்டேன்னு சொல்ல உரிமை இருக்கு, ஆனா டாக்டர் ஓகே சொன்ன வேலைய மறுத்தா காம்ப் செக் நின்னுடலாம். முதுகு தாங்கும்னா போறது நல்லதுன்னுதான் நான் சொல்வேன், அந்த வேலை பாக்கற நாள் 12 வாரத்துல கழியாது.

பத்தாவது வாரத்துக்குள்ள, டாக்டர் லெட்டரோட, ஏடிஏ (உடல் குறைபாடு உள்ளவங்களுக்கான ஃபெடரல் சட்டம்) படி இன்னும் 4 வாரம் லீவ் வேணும்னு எழுத்துல கேளுங்க. கண்டிப்பா குடுப்பாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா கேட்டா பரிசீலிக்காம தள்ளிவிடறது அவங்களுக்கு கஷ்டம். ஒருவேளை வேலையே போனாலும் காம்ப் வைத்தியமும் பணமும் அதோட முடியாது, அந்த நிலைமை வந்தா எதுலயும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு காம்ப் வக்கீல பாத்துடுங்க.