இலங்கையில் இருந்துகொண்டு பேஸ்போல் ரசிகராக இருக்கிறேன், வீட்டில் யாருக்கும் புரியவில்லை. குடும்பத்தோடு இதை எப்படிப் பகிர்ந்துகொள்வது?

முதல் வேலையாக விதிகளை விளக்குவதை நிறுத்துங்கள்.

கேள்வியை வாசித்ததுமே உங்கள் நிலைமை எனக்கு விளங்கிவிட்டது. விடிய நாலரைக்கு எழும்பி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வெளிச்சம் மற்றவர்களின் நித்திரையைக் குழப்பாதபடி போனைப் போர்வைக்குள் வைத்துப் பார்க்கிறீர்கள். யாராவது எட்டிப் பார்த்து "என்ன, கிரிக்கெட்டா?" என்று கேட்டால் ஸ்ட்ரைக், ஃபவுல், வோக் என்று தொடங்கி, கேட்டவர் முகம் போகிற போக்கைக் கண்டு பாதியில் விட்டுவிடுகிறீர்கள். உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த நாட்டில் பேஸ்போல் பார்க்கிறவர்களில் நான் கதைத்த எல்லோருடைய கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

நான் திருகோணமலை. இங்கே விளையாட்டு என்றால் கால்பந்து, அதற்குப் பிறகுதான் கிரிக்கெட். ஏகாம்பரம் மைதானத்தில் பின்னேரம் போய் நின்று பார்த்தால் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீட்டில் இன்றைக்கு மூன்று தலைமுறை பேஸ்போல் பார்க்கிறது, அதில் மூத்தவர் எழுபதைத் தாண்டிய என் அம்மா. இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், பொறுமை இருந்தால் வாசியுங்கள்.

என் பெரியண்ணா 90களின் தொடக்கத்தில் கனடாவுக்குப் போனார். ஏன் போனார் என்று அந்தக் காலத்துத் திருகோணமலையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவருடைய கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் வரும். குளிர், வேலை, ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட வேண்டிய மிச்சக் காசு, அம்மா மருந்து எடுக்கிறாவா என்ற விசாரிப்பு. 1993 ஒக்டோபருக்குப் பிறகு வந்த கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ரொறன்ரோ நகரத்து அணியான புளூ ஜெயிஸ் இரண்டாவது தடவையாக உலகத் தொடரை, அதாவது வட அமெரிக்க பேஸ்போலின் இறுதித் தொடரை, வென்றிருந்தார்கள். ஆறாவது ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், எதிரணி பிலடெல்பியா ஒரு ரன் முன்னிலையில் நிற்க, எங்கள் ஜோ கார்ட்டர் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 8-6 என்று ஆட்டத்தையே முடித்துவிட்டார். உலகத் தொடரின் கடைசி அடியே ஹோம் ரன்னாக அமைந்தது இன்றுவரை இரண்டே தடவைதான், 1960இலும் 1993இலும். அண்ணா அன்றிரவு ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாராம். முதலாளி வந்து எல்லோரையும் வெளியே கூப்பிட்டாராம், ரோட்டு முழுக்கச் சனம், முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அண்ணாவைக் கட்டிப்பிடித்தாராம். அம்மாவுக்கு அந்தக் கடிதத்தில் விளையாட்டைப் பற்றி இருந்த ஒரு வரியும் விளங்கவில்லை. ஆனால் "பெடியன் சந்தோஷமாய் எழுதியிருக்கிறான்" என்று பக்கத்து வீட்டு அன்ரிக்கும் வாசித்துக் காட்டினா. போன பிறகு அவர் சிரித்து எழுதிய முதல் கடிதம் அது. அந்த நீலக் காகிதம் இப்போதும் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

அதனால் "வெளிநாட்டு மோகம்" என்று பின்னூட்டத்தில் எழுத வருகிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டுக்கு இந்த விளையாட்டு அண்ணா உயிரோடும் சந்தோஷமாகவும் இருக்கிறார் என்ற செய்தியாகத்தான் வந்தது. கிரிக்கெட் மட்டம் என்றும் நான் சொல்லவில்லை. 1996இல் கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை இந்த ஊரே விழுந்து விழுந்து பார்த்தபோது நானும்தான் பார்த்தேன்.

நான் பார்க்கத் தொடங்கியது வீட்டுக்கு ஒழுங்கான இணையம் வந்த பிறகு. புளூ ஜெயிஸ் சொந்த மைதானத்தில் ஆடும் இரவு ஆட்டங்கள் அங்கே பெரும்பாலும் 7.07க்குத் தொடங்கும், அது எங்களுக்கு விடிய 4.37. ஆண்களுக்கு அது நித்திரையைக் கெடுக்கிற நேரமாக இருக்கலாம். வேலைக்குப் போகிற, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற பெண்களுக்கு அது எப்படியும் குசினியில் நிற்கிற நேரம். போனை அரிசி வாளியில் சாய்த்து வைத்துவிட்டுத் தேங்காய் துருவுவேன். 2023இல் இருந்து பிட்சருக்கு, அதாவது பந்து எறிகிறவருக்கு, கடிகாரம் வைத்துவிட்டார்கள், பேஸில் (ஓடுகிறவர்கள் தங்கி நிற்கிற இடங்களில்) ஆள் இல்லாவிட்டால் 15 செக்கனுக்குள் எறிய வேண்டும். அந்த 15 செக்கனுக்குள் பாலைப் பிழிந்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் பந்து புறப்படச் சரியாக இருக்கும். இன்னிங்ஸ் பாதியில் பக்கம் மாறுகிற நேரத்தில் சோறு வடித்துவிடலாம். இவ்வளவு வசதியான விளையாட்டு வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா தேத்தண்ணீருக்கு வருவா, பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பா, போய்விடுவா. நான் எதுவும் விளக்கப் போகவில்லை. ஒரு நாள் அடித்த பந்து உயரப் போக, முதல் பேஸில் நின்றவன் ஓடுவதா நிற்பதா என்று பாதி வழியில் தவிக்க, அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையோடு "திரும்படா, பிடிச்சிடுவான்!" என்று கத்தினா. பிடித்தும் விட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். "என்ன பார்க்கிறாய், இது எங்கட எல்லே மாதிரித்தானே" என்றா.

அம்மா ஆசிரிய கலாசாலையில் பயிற்சிக்கு இருந்த காலத்தில் எல்லே ஆடியவ. இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், எல்லே எங்கள் நாட்டு விளையாட்டு. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடி வர வேண்டும், அடிக்க மூன்று சந்தர்ப்பம், ஓடும்போது பந்தால் எறிந்து பட்டால் அவுட். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டிகளில் இப்போதும் நடக்கும். ஆனால் அதில் அடிக்கிறவர் தன் பக்கத்து ஆளையே பந்து போடச் சொல்லலாம். பேஸ்போலில் எறிகிறவன் எதிராளி என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பெரிய அதிர்ச்சி. "அப்ப இவன் எப்படித்தான் அடிக்கிறது?" என்று கேட்டா பாருங்கள், அந்தக் கேள்விக்குள் முழு விளையாட்டும் இருக்கிறது. பத்துத் தடவையில் மூன்று தடவை அடித்துவிட்டால் அவன் பெரிய வீரன், மற்ற ஏழு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அன்றோடு அவ எழும்புகிற நேரமே மாறிவிட்டது.

பிறகு ஆட்டத்தைக் குறித்து வைக்க அம்மாவுக்கு ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த பெரிய நோட்டு) வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்பது வரிசை கீறி, ஒவ்வொரு ஆளுக்கும் சின்னச் சதுரம், ஆள் எதுவரை போனான் என்று அத்தனை பக்கம் கோடு, ரன் எடுத்தால் சதுரத்தைப் பென்சிலால் நிரப்பிவிடுவா. ரீச்சர் என்பதால் கோடு எல்லாம் அடிமட்டம் வைத்துத்தான். அப்போது புளூ ஜெயிஸில் ஆடிய விளாடிமிர் குரேரோ ஜூனியரின் தகப்பனும் பெரிய ஆட்டக்காரர், போ பிஷெட்டின் தகப்பனும் இதே உயர்மட்ட மேஜர் லீக்கில் ஆடியவர் என்று அண்ணா போனில் சொன்னதில் இருந்து அந்த இரண்டு பேரும் அம்மாவுக்குச் சொந்தப் பேரப்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். பேரப்பிள்ளைகளின் சதுரத்தைக் கொஞ்சம் அழுத்தித்தான் நிரப்புவா.

2025 உலகத் தொடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 32 வருடத்துக்குப் பிறகு ரொறன்ரோ அங்கே போயிருந்தது. மூன்றாவது ஆட்டம், லொஸ் ஏஞ்சலிஸில், எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தரை தாண்டித் தொடங்கியது. நான் நாலாம் இன்னிங்ஸோடு வேலைக்குப் போய்விட்டேன். சமநிலை முறியாமல் பதினெட்டு இன்னிங்ஸ் போய், ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து 6-5 என்று அந்த ஊர் அணி டொட்ஜர்ஸ் வென்றபோது இங்கே மத்தியானம் பன்னிரண்டு தாண்டியிருந்தது. அம்மா அசையவில்லையாம், காலைச் சாப்பாடு கதிரைக்கே போயிருக்கிறது. டொட்ஜர்ஸின் நட்சத்திரம் ஒஹ்தானியை ரொறன்ரோ அடிக்க விடாமல் வேண்டுமென்றே நாலு தடவை முதல் பேஸுக்கு நடக்க விட்டார்கள் அல்லவா, அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. எங்கள் அணிதானே செய்தது என்று சொன்னாலும் கேட்கவில்லை. "நல்லா ஆடுறவனோட நல்லா ஆடித்தான் வெல்ல வேணும்" என்று பின்னேரம் வரை சொல்லிக்கொண்டிருந்தா. விதிக்குள் இருப்பதுதான், எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். ஆனாலும் நான் அம்மா பக்கம்தான்.

கிண்ணம் யாருக்கு என்று முடிவாகும் ஏழாவது ஆட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடிய எல்லோரும் முன்னறையில். மூன்றாம் இன்னிங்ஸில் பிஷெட் மூன்று ரன் அடித்துத் தொடங்கி வைத்தது ஒன்பதாம் இன்னிங்ஸில் 4-4 ஆகிவிட்டது. ஒரு அவுட், மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள், ஒரே ஒரு ரன் வந்தால் கிண்ணம். மூன்றாம் பேஸில் பிஷெட்டுக்குப் பதிலாக ஓட வந்த கைனர்-ஃபலெஃபா. பந்து எறிவதற்கு முதலே அம்மா பென்சிலால் ரீவியைக் காட்டி, "ஏன் இவன் அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறான், இன்னும் ரெண்டடி வெளியில வரட்டும்" என்றா. பந்து தரையில் போனது, டொட்ஜர்ஸின் ரோஹாஸ் தடுமாறி எடுத்து, ஓடி முடிக்கிற இடமான ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார், கால் பிந்தியது ஒரு சில அங்குலம். அவுட். அதற்குப் பிறகு நாள்கணக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய நிபுணர்கள் எல்லாம் பேசியது அந்த ரெண்டடியைப் பற்றித்தான். தாழ நேராகப் பறந்து பிடிபடுகிற லைன் டிரைவில் மாட்டுப்பட்டுவிடக் கூடாது என்று கிட்ட நிற்கச் சொல்லியிருந்தார்கள் என்று கைனர்-ஃபலெஃபா பிறகு விளக்கம் சொன்னார், அதுவும் நியாயம்தான். ஆனால் திருகோணமலையில் ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர் அதைப் பந்து எறிவதற்கு முதலே சொன்னா என்பதற்கு நான் சாட்சி. பதினோராம் இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித்தின் ஹோம் ரன், பிறகு எங்கள் கேர்க் அடித்த பந்தில் டபுள் ப்ளே, ஒரே அடியில் இரண்டு அவுட், டொட்ஜர்ஸுக்கு 5-4, முடிந்தது. அம்மா உடனே அண்ணாவுக்கு அழைப்பு எடுத்தா. அண்ணா இருக்கிற ஸ்காபரோவில் நள்ளிரவு தாண்டிவிட்டது. அண்ணாவுக்கும் இப்போது அறுபதுக்குக் கிட்ட. இரண்டு பேரும் ஒவ்வொரு இன்னிங்ஸாகக் கதைத்தார்கள், அம்மா கொப்பியைப் பார்த்துப் பார்த்து. வழக்கமாக அவர்களின் அழைப்பு மருந்து, மழை, என்ன கறி என்பதோடு முடிந்துவிடும்.

இவருக்கு, அதுதான் என் கணவருக்கு, இதெல்லாம் பெரிதாக ஏறவில்லை. கால்பந்து ஆள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அது போதும்.

மகள் வேறு மாதிரி. அண்ணா பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது கையுறை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். புதுத் தோல், பலகை போல விறைத்துப்போய் இருந்தது. உள்ளே பந்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி இரவில் வைத்துவைத்துத்தான் மடங்கத் தொடங்கியது. வலது கையால் எறிகிறவர்களுக்குக் கையுறை இடது கையில் என்பதால், கிரிக்கெட் பழகிய பிள்ளைகளுக்கு இரண்டு கையும் சேர்ந்து நீளுகிற பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம். டச்பே கடற்கரையில் பின்னேரங்களில் அவளும் நானும் எறிந்து பிடிப்போம். நல்ல கை அவளுக்கு.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்கிறேன். அவள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடவேளை கணிதத்துக்குப் போய்விட்டது. சனி ஞாயிறு முழுக்க ரியூஷன். பெற்றோர் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன், "ஓ.எல். முடியட்டும் அம்மா, பொம்பிளைப் பிள்ளைதானே" என்று பதில். ஓ.எல். பரீட்சை முடிந்தால் ஏ.எல். பரீட்சை, அது முடிந்தால் கலியாணப் பேச்சு. அம்மாவின் காலத்தில் கலாசாலையில் இளம்பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லே ஆடியிருக்கிறார்கள், அம்பது வருடம் கழித்து அவவின் பேத்திக்கு ஓட இடமில்லை என்றால் நாங்கள் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம்? கொழும்புப் பக்கம் தியகமவில் ஜப்பான் உதவியோடு கட்டிய நல்ல பேஸ்போல் மைதானம் இருக்கிறது. இந்தக் கரையில் இருந்து ஒரு பெண் பிள்ளை அங்கே போய் நிற்பதற்கு எத்தனை பேரைத் தாண்ட வேண்டும். படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் படித்துத்தான் உத்தியோகம் பார்க்கிறேன். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தரச் சொல்லித்தான் கேட்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். வீட்டில் யார் எதை ஆடியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எல்லே ஆடிய மாமி ஒருவர் நிச்சயம் இருப்பார். வெளிநாட்டில் உறவினர் இருந்தால் அவர்கள் ஊர் அணியையே உங்கள் அணியாக எடுங்கள், அப்போது ஆட்டத்தைப் பற்றிக் கதைக்க ஒரு ஆள் கிடைக்கும். விடிய நடக்கிற ஆட்டத்துக்கு யாரையும் எழுப்பாதீர்கள். ரொறன்ரோவின் ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டங்கள் அங்கே பெரும்பாலும் 1.37க்கு, எங்களுக்கு இரவு 11.07, சாப்பிட்டு முடித்துச் சும்மா இருக்கிற நேரம். சத்தத்தை வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அவர்களாக ஒரு கேள்வி கேட்கும்வரை பொறுங்கள். கேட்டால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சீசன் வழக்கமாக மார்ச் கடைசியில் தொடங்கும், அதற்கு முதல் ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கி வையுங்கள்.