சோளப் பாகில் பிரக்டோஸ் ஆக்கும் நொதி: கேள்வி பதில்

குளுக்கோஸ் ஐசோமரேஸும் சைலோஸ் ஐசோமரேஸும் வேறு வேறா?

ஒன்றேதான், ஒரே நொதிக்கு இரண்டு பெயர். பாக்டீரியாவுக்கு இது தேவைப்படுவது சைலோஸ் என்ற சர்க்கரையைச் சைலுலோஸாக்கி உணவாக்கிக்கொள்ள. குளுக்கோஸையும் இது பிரக்டோஸாக்கும் என்பதை 1957-இல் மார்ஷல், கூயி என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதன் அமைப்பைச் சொல்லுங்கள் ஐயா.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் ரூபிஜினோசஸ் என்ற பாக்டீரியாவின் நொதியில் 388 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிகள் நான்கு. ஒவ்வொன்றிலும் எட்டு பீட்டா இழைகள் பீப்பாய் வடிவில் நிற்க, வெளியே எட்டு ஆல்ஃபா சுருள்கள் சூழ்ந்திருக்கும். பீப்பாயின் வாயில்தான் வினைத்தளம், அதாவது சர்க்கரை வந்து மாறும் இடம். பக்கத்துச் சங்கிலியின் 26-ஆம் அமினோ அமிலமான பினைல்அலனினும் அதற்குள் நீண்டிருப்பதால், தனிச் சங்கிலியில் தளம் முழுமையாகாது.

மக்னீசியம் இல்லாமல் ஏன் வேலை நடப்பதில்லை?

வினையைச் செய்வதே அதுதான். ஒவ்வொரு தளத்திலும் இரண்டு உலோக அயனிகள். 54-ஆம் அமினோ அமிலமான ஹிஸ்டிடின் உதவியால் சர்க்கரை வளையம் திறந்ததும், முதல் அயனி இரண்டாம், நான்காம் ஆக்சிஜன்களைப் பற்றி நேராக நிறுத்தும். இரண்டாவது அயனி சற்றே நகர்ந்து, இரண்டாம் கார்பனிலுள்ள ஹைட்ரஜனை ஹைட்ரைடாக (இரண்டு எலக்ட்ரான்களோடு) முதல் கார்பனுக்குத் தாவச் செய்யும். பலர் நினைப்பதுபோல இடையில் ஈன்டையால் என்ற இடைச்சேர்மம் உருவாவதில்லை.

படுகையில் புது நொதி நிரப்பியும் குளுக்கோஸ் பிரக்டோஸாக மாறுவது சீக்கிரமே குறைகிறது. எங்கே பார்ப்பது?

முதலில் கால்சியம். மாவைக் கரைக்கும் கட்டத்தில் மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதி நிலைக்கக் கால்சியம் சேர்த்திருப்பார்கள். மக்னீசியத்தைவிடப் பெரிய அந்த அயனி வினைத்தளத்தில் அமர்ந்தால் நொதி செயலிழக்கும். கால்சியத்தைப் பிடித்து நீக்கும் அயனிப் பரிமாற்றப் படுகை தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். பாகில் கால்சியம் 1 பிபிஎம்-க்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்கட்டும். அதன்பிறகே மக்னீசியம் உப்பைச் சேருங்கள்; வரிசை மாறினால் அந்த அயனிப் படுகை மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கால்சியம் சரியென்றால் பிஎச் 7.5–8.0, வெப்பம் 55–60 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா பாருங்கள். வெப்பம் இறங்கினால் கிருமி வளரும். ஏறினால் நொதி சிதையும், பாகும் பழுப்பு நிறமாகும். கரைந்த ஆக்சிஜனை முன்பே வெற்றிடத்தில் நீக்குவது நல்லது.

பிரக்டோஸ் 42 சதவீதம் ஆனதும் ஏன் நிறுத்துகிறார்கள்?

60 டிகிரியில் வினை இருபுறமும் சமமாகிவிடும் சமநிலையே சுமார் 50 சதவீதப் பிரக்டோஸ்தான். அதை நெருங்க நெருங்க வேகம் படுத்துவிடும். 55 சதவீதப் பாகு வேண்டுமென்றால், சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபியில் பிரக்டோஸை 90 சதவீதமாகப் பிரித்து, 42 சதவீதப் பாகோடு கலக்க வேண்டும்.

நொதி பழையதாகும்போது?

பாகு ஓடும் வேகத்தைக் குறையுங்கள். பல நொதிப் படுகைகளை வெவ்வேறு வயதில் இணையாக ஓட்டினால் மொத்த உற்பத்தி ஆடாது.