மனம் எதைச் சார்கிறது? அவதானமும் பழைய மெய்யியலும்: கேள்வி பதில்

மூச்சைக் கவனிக்கிற மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியையும் பழைய மெய்யியலையும் அன்றாட வாழ்க்கையில் எப்படிச் சேர்ப்பது என்று யாழ்ப்பாணத்தில் பலர் கேட்டிருந்தார்கள். நான் மெய்யியல் படிப்பிக்கிறவன். கேட்டவர்களின் பெயர்களை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கோண்டாவில்: ஐயா, இது பௌத்தருடையதுதானே? நாங்கள் சைவக்காரர். எங்களுக்குச் சரிவருமா?

வேர் பௌத்தத்தில்தான் இருக்கிறது. மூச்சு, உடல், மனம் எல்லாவற்றையும் கவனிக்கும் முறை, புத்தரின் போதனைகளைச் சொல்லும் பாளி மொழிச் சூத்திரங்களில் விரிவாகவே உண்டு. ஜோன் கபட் சின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் அதைச் சமயச் சடங்கு எதுவும் இல்லாமல் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அது 8 வாரப் பயிற்சி. ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

எங்கள் சைவ சித்தாந்தம் உயிரின் இயல்பைப் பற்றி ஒன்று சொல்கிறது: உயிர் சார்ந்ததன் வண்ணமாகும். பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைப் பளிங்கு காட்டுவதுபோல, உயிரும் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையில் நிற்கும். 2ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸும் தனக்காக எழுதிய குறிப்புகளில் இதையே சொல்கிறார்: அடிக்கடி எண்ணும் எண்ணங்களின் சாயம் உள்ளத்தில் ஏறும். இரண்டும் எவ்வளவு கிட்ட வருகின்றன என்று பாருங்கள்! எனக்கு இது இன்னும் வியப்புத்தான்.

மூச்சைக் கவனித்தால் மனம் இப்போது எங்கே சாய்ந்திருக்கிறது என்பது தெரியும். எங்கே சாய வேண்டும் என்பதை மூச்சு சொல்லாது. அங்கேதான் மெய்யியல் வேண்டும். இரண்டையும் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

கொக்குவில், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) மாணவி: சேர், புத்தகத்தைத் திறந்தால் இசட் புள்ளி காணுமோ காணாதோ எண்டுதான் மனம் ஓடுது.

பிள்ளை, பழைய மெய்யியலாளர் எபிக்டெட்டஸ் அடிமையாக வாழ்ந்து, பிறகு ஆசிரியரானவர். எது என் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரிப்பதிலிருந்துதான் அவர் பாடம் தொடங்கும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியை யோசித்துப் பாருங்கள். அதே பாடத்தை எழுதிய மற்றவர்களின் சராசரியும், புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதும் சேர்ந்துதான் அது கணிக்கப்படுகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடு வேறு. இதெல்லாம் உங்கள் மேசையில் இல்லை. மேசையில் இருப்பது நீங்கள் செய்துகொண்டிருக்கும் கணக்கின் அடுத்த வரி.

மனம் ஓடினால் அதோடு சண்டை பிடிக்க வேண்டாம். "புள்ளியை யோசிக்கிறேன்" என்று மனதுக்குள் சொல்லி, ஒரு மூச்சை முழுதாக விட்டு, அடுத்த வரியை எழுதுங்கள். திரும்பவும் ஓடும், திரும்பவும் கூட்டிவாருங்கள். கூட்டிவருவதுதான் பயிற்சி. ஓடாமல் இருப்பதைப் பயிற்சி என்று நினைத்துக் கனபேர் கைவிட்டுவிடுகிறார்கள்.

வட்டுக்கோட்டை: மகன் கனடாவில். போன் வராவிட்டால் நெஞ்சு பதறுது.

அம்மா, நடந்தது ஒன்று: போன் வரவில்லை. மனம் சேர்த்தது இன்னொன்று: ஏதோ நடந்துவிட்டது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் மார்க்கஸ் ஒரேலியஸ், எபிக்டெட்டஸ் போன்ற ஸ்டோயிக் மெய்யியல் மரபினர் பழக்கினார்கள். இங்கே காலை 8 மணி என்றால் டொரொன்ரோவில் முதல்நாள் இரவு. பிள்ளை படுத்திருப்பான். பதற்றம் வரும்போது அது நெஞ்சிலா வயிற்றிலா என்று பாருங்கள்; கொஞ்ச நேரம் அதோடு இருங்கள். பாசத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, அது எனக்கும் விருப்பமில்லை.

சுன்னாகம்: கண்ணை மூடினால் சண்டைக் காலத்து ஞாபகங்கள் வருகுது. பயிற்சி செய்யத்தான் வேணுமோ?

கண்ணை மூட வேண்டாம். மூச்சைக் கவனிப்பதும் இப்போதைக்கு வேண்டாம். கண் திறந்தபடி நடவுங்கள், முற்றம் கூட்டுங்கள், கால் நிலத்தில் படுவதைப் பாருங்கள். நெஞ்சு அடைத்தால் உடனே நிறுத்துங்கள். எங்கள் ஊரில் பலருக்கு உள்ள காயம் இது. மனவலிமை குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். தனியே சமாளிக்கவும் வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தயவுசெய்து போய்க் கதையுங்கள்.

நல்லூர்: "ஒரு பொல்லாப்பும் இல்லை" எண்டு யோகர் சுவாமி சொன்னார். அப்ப அநியாயத்தைக் கண்டும் பேசாமல் இருக்கிறதோ?

இல்லை. யாழ்ப்பாணத்துச் சைவ ஞானி யோகர் சுவாமி வேலையை விட்டு ஓடச் சொன்னவர் அல்லர். செய்கிற தொழிலையே சிவதொண்டாகச் செய்யச் சொன்னவர். அந்த வாசகத்தை நான் விளங்கிக்கொள்வது இப்படி: உள்ளே கலங்காமல் நில், வெளியே செய்ய வேண்டியதைச் செய். கலங்கியவன் அநியாயத்தை எதிர்க்கப் போய்த் தன் கோபத்துக்கே தொண்டு செய்வான். பேசாமல் இருப்பதற்குச் சுவாமியைச் சாட்டாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாவகச்சேரி: ஆப் ஏதும் வேணுமோ?

தேவையில்லை.

மானிப்பாய்: வேலை, பிள்ளைகள், சமையல். நேரமே இல்லை. எப்ப செய்யிறது?

தனி நேரம் தேடாதீர்கள், தங்கச்சி. தேத்தண்ணி ஆற்றும்போது ஆற்றுவதை மட்டும் செய்யுங்கள், போன் குசினிக்குள் வேண்டாம். அப்புறம் படுக்கும்போது ஒன்று. ரோம அறிஞர் செனெக்கா இரவில் விளக்கை அகற்றிய பிறகு அன்றைய நாளை முழுதாகத் திரும்பிப் பார்ப்பார். தவறு கண்டால் "இனி இப்படிச் செய்யாதே, இம்முறை மன்னித்தேன்" என்று தனக்கே சொல்வார். இன்று மனம் அதிகம் எதைச் சார்ந்திருந்தது என்பதையும் அதோடு கேளுங்கள். நித்திரை வந்தால் பாதியில் விடலாம்.