சான்டி கஸோர்லா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஸ்பெயின் மிட்ஃபீல்டர் சான்டி கஸோர்லாவின் கிளப் வாழ்க்கையைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்ட இடத்தில் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் அவரை ஆர்சனலில்தான் முதலில் பார்த்தேன். இப்போது எல்லோரும் ஓவியேதோ, ஓவியேதோ என்கிறார்கள். அந்தக் கதை என்ன?

ஸ்பெயினின் வடக்கே மழையும் மலையும் நிலக்கரிச் சுரங்கமுமாக இருக்கும் அஸ்துரியாஸ் பகுதிதான் அவருடைய ஊர்ப்பக்கம். பிறந்தது 1984 டிசம்பரில். பக்கத்து நகரமான ஓவியேதோவின் கிளப்பில் சிறுவர் அணியில் சேர்ந்து வளர்ந்தார். 18 வயது, அடுத்தது பெரிய அணிதான் என்றிருந்த 2003இல் கிளப் திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. வீரர்களுக்குச் சம்பள பாக்கி. ஆட்டத்தில் தோற்று ஒரு படி இறங்கியது போதாதென்று, பாக்கியைத் தீர்க்காததற்காக நேரே நான்காம் நிலை லீக்கில் கொண்டுபோய் வைத்தார்கள். பையன்கள் ஆளுக்கொரு திசையில் கிளம்பினார்கள். கஸோர்லா வில்லாரியால் என்ற கிளப்புக்குப் போனார். ஓவியேதோவின் பெரிய அணிக்காக ஒரு நிமிடம்கூட ஆடியிருக்கவில்லை.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கிளப் மாறிய முக்கியமான தருணங்களில் எல்லாம் பின்னால் யாரோ ஒருவருடைய கணக்குப் புத்தகம் இருந்தது. அவரே ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த இடம் என்றால் கடைசியாகப் போனதைத்தான் நான் சொல்வேன்.

கேள்வி: 2006இல் ரெக்ரியாதிவோ என்ற சின்ன கிளப்புக்கு ஏன் போனார்? வில்லாரியால் கைவிட்டுவிட்டதா?

கைவிடவில்லை. வில்லாரியால் அப்போது சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன அணி. நடுக்களத்தில் ரிகெல்மேயும் மார்கோஸ் சென்னாவும் இருந்தார்கள். 21 வயதுப் பையன் தினமும் ஆடுவதற்கு அங்கே இடம் இல்லை. ரெக்ரியாதிவோ தே வெல்வா ஸ்பெயினின் மிகப் பழைய கிளப், 1889இல் தொடங்கியது. அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்திருந்தது. பயிற்சியாளர் மார்சலீனோவும் அஸ்துரியாஸ்காரர். அந்த சீசனில் ரெக்ரியாதிவோ (சுருக்கமாக ரெக்ரே) எட்டாம் இடம் பிடித்தது. பெர்னபேயுவுக்கே போய் ரியல் மாட்ரிட்டை 3-0 என்று அடித்தது. வேண்டுமென்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற ஷரத்தோடுதான் வில்லாரியால் விற்றிருந்தது. ஒரே வருடத்தில் அதைப் பயன்படுத்திக்கொண்டது.

திரும்பி வந்த 2007-08 சீசனில் வில்லாரியால் ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லிகாவில் இரண்டாம் இடம். பார்சிலோனாவைவிட 10 புள்ளிகள் அதிகம்! சுமார் ஐம்பதாயிரம் பேர் வசிக்கும் ஊரின் கிளப் இது. பயிற்சியாளர் பெய்யெக்ரினி கட்டிய அந்த அணியைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும்.

கேள்வி: சார், ரியல் மாட்ரிட் கூப்பிட்டும் போகவில்லை என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 2008இல் யூரோ கோப்பையை ஸ்பெயின் வென்ற கோடையில் மாட்ரிட் அவரைக் கேட்டது. அவர் வில்லாரியாலிலேயே தங்கிவிட்டார். போயிருந்தால் லீக் பதக்கம் ஒன்றிரண்டு சேர்ந்திருக்கும். பெஞ்சிலும் நிறைய உட்கார்ந்திருப்பார். அவர் எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: மலாகாவில் ஒரே ஒரு வருடம். சண்டையா?

சண்டை ஒன்றும் இல்லை, பணம்தான். 2011இல் வில்லாரியாலுக்குக் கை கடித்தது. மலாகாவைக் கத்தாரைச் சேர்ந்த ஷேக் ஒருவர் வாங்கிப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். சுமார் 2 கோடி யூரோ கொடுத்து வாங்கினார்கள், அந்தக் கிளப்பின் வரலாற்றில் அதுவரை இல்லாத தொகை. பயிற்சியாளர் அங்கேயும் பெய்யெக்ரினி. கஸோர்லா 9 லீக் கோல் போட்டார். மலாகா நான்காம் இடம் பிடித்து முதல்முறையாக சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பைப் பெற்றது. அவரை விற்ற வில்லாரியால் அதே சீசனில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது.

அடுத்த கோடையிலேயே ஷேக் கையை இறுக்கினார். சம்பளம் தாமதமானது, கடன்காரர்கள் வரிசையில் நின்றார்கள். 2012 ஆகஸ்ட்டில் லண்டனின் ஆர்சனலுக்கு விற்றார்கள். தான் உழைத்து வாங்கித் தந்த சாம்பியன்ஸ் லீக்கில் மலாகா காலிறுதி வரை போனபோது அவர் லண்டனில் இருந்தார்.

கேள்வி: அவர் இடது காலா, வலது காலா? நானும் வருடக்கணக்காகப் பார்க்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

வலது என்றுதான் ஏட்டில் இருக்கும். ஆனால் ஃப்ரீ கிக், கார்னர், பாஸ் எதுவானாலும் இரண்டு காலாலும் சரளமாகப் போடுவார். இதனால் என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள். எதிரணி வீரர் நெருக்க வரும்போது, பந்து வைத்திருப்பவரின் பலவீனமான காலின் பக்கம் அவரைத் தள்ளப் பார்ப்பார். கஸோர்லாவிடம் அப்படி ஒரு பக்கமே இல்லை. பந்து வரும்போதே இடுப்பைச் சற்றுத் திருப்புவார். வருகிறவர் அந்தப் பக்கம் ஒரு அடி வைப்பார். இவர் மறு காலால் பந்தை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் போய்விடுவார். உயரம் 1.70 மீட்டரைக்கூடத் தொடாது. உடல் பலத்தை நம்பி ஆடுகிற பிரீமியர் லீக்கில், முதல் சீசனின் 38 ஆட்டங்களிலும் ஆடி 12 கோல் அடித்தார் என்றால் இந்தத் திறமைதான் காரணம்.

இதை முழுசாகப் பார்க்க முடிந்தது 2014-15 சீசனின் இரண்டாம் பாதியில். அதுவரை விங்கிலோ ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாலோதான் ஆடினார். காயங்களால் ஆள் இல்லாமல் போனபோது, லோனில் வேறு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த கோகெலானை ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கர் திரும்ப அழைத்தார். அவருக்குப் பக்கத்தில் கஸோர்லாவை ஆழமாக இறக்கினார். ஒருவர் பந்தைப் பிடுங்க, மற்றவர் அதை முன்னே கொண்டுபோக... வேறு வழியில்லாமல் அமைந்த ஜோடி, அந்தக் காலத்து ஆர்சனலின் மிகச் சிறந்த ஜோடி ஆனது.

கேள்வி: 2014 எஃப்ஏ கோப்பை இறுதி. என் நண்பன் "ராம்சி கோல்தான் கோல்" என்கிறான். நான் கஸோர்லா கட்சி. தீர்ப்பு சொல்லுங்கள் அண்ணே.

இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையை ஆர்சனலுக்கு வாங்கித் தந்தது ராம்சியின் கோல், அதில் வாதமே இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் நிலைமையைப் பாருங்கள். ஆர்சனல் ஒன்பது வருடமாக ஒரு கோப்பையும் வாங்கவில்லை. எதிரே ஹல் சிட்டி. எட்டே நிமிடத்தில் 0-2. அடுத்து ஹல்லின் அலெக்ஸ் புரூஸ் தலையால் முட்டிய பந்தை ஆர்சனலின் கீரன் கிப்ஸ் கோட்டுக்கு முன்னால் நின்று வெளியே தள்ளினார், இல்லையென்றால் 0-3. வெம்ப்ளி அரங்கில் ஆர்சனல் பக்கம் பேச்சு மூச்சு இல்லை.

17ஆவது நிமிடம், ஃப்ரீ கிக். கோல் நல்ல தூரத்தில். கஸோர்லா வலது காலால் அடித்தார். பந்து ஹல் வீரர்கள் நின்ற சுவரைத் தாண்டி மேல் மூலைக்குப் போனது. கோல்கீப்பர் மெக்ரெகர் பாய்ந்து கையைக்கூட வைத்துவிட்டார், நிறுத்த முடியவில்லை. அதன் பிறகு கொசியெல்னி சமன் செய்ததும், எக்ஸ்ட்ரா டைமில் ராம்சி முடித்ததும் அந்த ஒரு அடியால் வந்த தைரியத்தில்தான். என் ஓட்டு உங்களுக்கு. நண்பரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கையில் இருந்த பச்சை குத்திய தோலைக் காலில் வைத்துத் தைத்தார்கள் என்று ஒரு படம் சுற்றுகிறது. பொய்தானே?

பொய் இல்லை தம்பி, அந்தப் படம் உண்மையானது.

2013இல் ஸ்பெயினுக்காக ஆடிய நட்பு ஆட்டத்தில் கணுக்காலில் ஒரு விரிசல். அது சரியாக ஆறவே இல்லை. வலியோடுதான் வருடக்கணக்காக ஆடினார். 2015 நவம்பரில் நார்விச்சுக்கு எதிராக முழங்காலும் போனது. அன்றும் மாற்றச் சொல்லாமல் கடைசி வரை ஆடிவிட்டுத்தான் வெளியே வந்தார். அந்த சீசனில் லெஸ்டர் சாம்பியன், ஆர்சனல் இரண்டாம் இடம். கஸோர்லா முழு சீசனும் இருந்திருந்தால் கோப்பை லண்டனுக்கு வந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

2016 அக்டோபர் 19, சாம்பியன்ஸ் லீக்கில் லூடோகோரெட்ஸை ஆர்சனல் 6-0 என்று வென்ற இரவு, வலது கால் வலியோடு வெளியே போனார். ஆர்சனலுக்காக அதுதான் கடைசி ஆட்டம் என்று அரங்கில் இருந்த யாருக்கும் தெரியாது. பிறகு அறுவை சிகிச்சைமேல் அறுவை சிகிச்சை. தையல் போட்ட இடம் மூடாமல் திரும்பத் திரும்பப் பிரிந்தது. உள்ளே கிருமித் தொற்று இருந்தது, வெளியே தெரியவில்லை. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள் என்று இங்கிலாந்தில் சொல்லிவிட்டார்கள். ஸ்பெயினின் வித்தோரியா நகரில் மிகேல் சான்செஸ் என்ற மருத்துவர் காலைத் திறந்து பார்த்தபோது, குதிகால் தசைநாரில் பல சென்டிமீட்டரைக் கிருமி தின்றுவிட்டிருந்தது.

தசைநாரைப் புதிதாகக் கட்டினார்கள். புண்ணை மூடத் தோல் வேண்டுமே, அதை இடது முன்கையிலிருந்து எடுத்தார்கள். அந்தக் கையில் 'இந்தியா' என்று தன் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். அதில் பாதி கணுக்காலுக்குப் போனது, மீதி கையிலேயே இருக்கிறது.

கேள்வி: ஆர்சனல் அவரை நடுத்தெருவில் விட்டுவிட்டது என்று கோபமாக இருக்கிறது.

அப்படிச் சொல்வது நியாயமில்லை. ஆப்பரேஷன் தியேட்டருக்குள் போவதற்கு முன்பே வெங்கர் அவருடைய ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்துக் கொடுத்தார். இனி ஆடுவாரா என்பதே தெரியாத 32 வயது வீரருக்கு அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் கிடையாது. கஸோர்லாவே இதை நன்றியோடு சொல்லியிருக்கிறார். 2018இல் ஒப்பந்தம் முடிந்தது, வெங்கரும் அதே கோடையில் போய்விட்டார். ரசிகர்கள் முன்னால் ஒரு வழியனுப்பு ஆட்டம் அமையவில்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. 180 ஆட்டம், 29 கோல், இரண்டு எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டங்களில் வெற்றி. ஒரு மாலை ஒதுக்கியிருக்கலாம்.

கேள்வி: வில்லாரியாலுக்குத் திரும்பியது இரக்கப்பட்டுக் கொடுத்த இடமா?

முதலில் பயிற்சிக்கு மட்டும் வரச் சொன்னார்கள். 2018 ஜூலையில் ஒரு நட்பு ஆட்டத்தில் இறங்கினார், 636 நாள் கழித்து. ஒப்பந்தம் போட்டபோது ஒரு மந்திரவாதியை அழைத்து, புகை நிறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் அவரைத் தோன்றவைத்து ரசிகர்களுக்குக் காட்டினார்கள். இரக்கம் என்ற சந்தேகம் 2019 ஜனவரியில் தீர்ந்தது: ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல், ஆட்டம் 2-2. அதே வருடம் ஸ்பெயின் அணிக்கும் திரும்பினார்! 2019-20இல் 11 லீக் கோல். 35 வயதில், கட்டி எழுப்பிய காலோடு.

2020இல் கொரோனாவால் காலியான அரங்கில் விடைபெற்றார். அடுத்த வருடம்தான் வில்லாரியால் யூரோப்பா லீக்கை வென்றது.

கேள்வி: கத்தார் காலம்?

ஷாவி பயிற்சியாளராக இருந்த அல் சத்தில் மூன்று சீசன், இரண்டு லீக் பட்டம். நன்றாக ஆடினார், நன்றாகச் சம்பாதித்தார். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கேள்வி: ஓவியேதோவில் சம்பளமே வாங்காமல் ஆடினாராமே?

சும்மா ஆடவும் அவர் தயார்தான், ஆனால் விதி இடம் கொடுக்காது. அதனால் 2023இல் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். தன் ஜெர்சி விற்பனையில் 10 சதவீதம் கிளப்பின் சிறுவர் அணிக்குப் போக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இதற்கு முன்னாலும் ஒரு சம்பவம் இருக்கிறது. 2012இல் ஓவியேதோ மறுபடி மூடும் நிலைக்கு வந்தபோது, 10.75 யூரோ விலையில் பங்குகளை உலகம் முழுக்க விற்றார்கள். அதை வாங்கியவர்களில் கஸோர்லாவும் இருந்தார், அங்கிருந்து போன ஹுவான் மாத்தாவும் மிச்சூவும் இருந்தார்கள்.

2024இல் முதல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியில் எஸ்பான்யோலிடம் தோற்றார்கள். 2025 ஜூனில் மறுபடி இறுதி, இரண்டு ஆட்டங்களின் கோல்களைக் கூட்டித்தான் முடிவு, எதிரே மிராந்தேஸ். முதல் ஆட்டத்தில் 0-1. ஜூன் 21 அன்று இரண்டாவது ஆட்டம், சொந்த அரங்கமான கார்லோஸ் தார்தியெரேயில், அதிலும் மிராந்தேஸ்தான் முதலில் கோல் போட்டது. மொத்தத்தில் இரண்டு கோல் பின்தங்கிய நிலை. இடைவேளைக்குச் சற்று முன் பெனால்டி. 40 வயதுக்காரர் பந்தை வைத்து, அடித்து, உள்ளே போட்டார். பிறகு இலியாஸ் ஷாயிரா ஒன்று, எக்ஸ்ட்ரா டைமில் போர்த்தியோ ஒன்று. 3-1. 24 வருடத்துக்குப் பிறகு ஓவியேதோ முதல் டிவிஷனில். கஸோர்லா இன்னும் ஒரு வருடம் ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஓவியேதோ சட்டையில் லா லிகாவில் ஆடுவது அவருக்கு அதுதான் முதல்முறை.

கேள்வி: ஐரோப்பாவில் ஒரு லீக் பட்டம்கூட இல்லை. பிறகு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

பதக்கம்தான் கணக்கு என்றால் அவரைவிடப் பெரியவர்கள் ஸ்பெயினிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. ரெக்ரேக்கு எட்டாம் இடம், வில்லாரியாலுக்கு இரண்டாம் இடம், மலாகாவுக்கு முதல் சாம்பியன்ஸ் லீக், ஆர்சனலுக்கு ஒன்பது வருடப் பஞ்சத்தின் முடிவு, ஓவியேதோவுக்கு முதல் டிவிஷன். அவர் இருந்த இடமெல்லாம் அந்தக் கிளப் நீண்ட நாள் எட்டாத உயரத்தை எட்டியது. அவர் தனியாகச் செய்யவில்லைதான். ஆனால் ஐந்து இடத்திலும் அவர் இருந்தார்.

கேள்வி: புதிதாகப் பார்க்கிறவர் எந்த ஆட்டத்தில் ஆரம்பிக்கலாம்?

2015 ஜனவரி 18, மான்செஸ்டர் சிட்டி 0, ஆர்சனல் 2. பெனால்டி கோல் அவருடையது. ஜிரூ தலையால் முட்டிய இரண்டாவது கோலுக்கு ஃப்ரீ கிக்கும் அவர் போட்டதுதான். கோல்களை மட்டும் வெட்டி வைத்த வீடியோ வேண்டாம், முழு ஆட்டத்தையும் பாருங்கள். பந்து பெரும்பாலும் சிட்டியிடம்தான் இருக்கும். ஆர்சனல் பிடுங்கிய பந்து கஸோர்லாவிடம் வரும்போது அவரைச் சுற்றி எத்தனை நீலச் சட்டைகள் இருக்கின்றன, எந்தக் காலால் வெளியே வருகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.